மூன்று உருளைகளும் ஒரு சுழலியும்

பிறந்த ஊரைப் பற்றி இம்மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கத்தார் பணித்தபோது, கார்வேட்டிநகரத்தில் எழுதத் தகுந்தவை யாவை என்று எண்ணிப் பார்த்தோம். வேணுகோபாலசுவாமி கோயில் உண்டு. கற்படிகள் சூழ்ந்த கந்த புட்கரணி உண்டு. சமீன்தார் அரண்மனை உண்டு. வேணுகோபாலன் மீது தெலுங்குப் பதங்கள் பாடிய சாரங்கபாணியின் பெயரும் இசையுலகில் நிலைத்திருக்கிறது. இவற்றையெல்லாம் நம்மினும் வல்லார் எழுதுவர். நாம் எழுதப் புகுவது ஒரு பழைய மாருதி 800 காரின் எஞ்சினைப் பற்றி. கோயிலையும் குளத்தையும் விட்டுவிட்டு எஞ்சினைப் பிடித்துக்கொண்டாரே என்று அன்பர்கள் முகஞ்சுளிக்க வேண்டா. சென்ற கோடையில் ஊருக்குப் போன விடுப்பு முழுவதும் அதனருகிலேதான் கழிந்தது.

அந்தக் கார் நம் தமையனாருடையது. 1996-ஆம் ஆண்டு வண்டி. பள்ளி ஆசிரியராக இருந்த அவர் மறைந்தபின் மூன்று ஆண்டுகள் மாட்டுக்கொட்டகையில் கோணி போர்த்திக் கிடந்தது. விற்றுவிடலாம் என்று நாம் சொன்னபோதெல்லாம் அண்ணி மறுமொழி கூறாமல் உள்ளே போய்விடுவார். அவருடைய மகன் இயந்திரவியல் பட்டயப் படிப்பில் இறுதியாண்டு படிப்பவன். ஒருநாள் இரவு தொலைபேசியில் அழைத்தான். “சித்தப்பா, அப்பாவின் வண்டிக்கு டர்போ பொருத்தப் போகிறேன். அறுபதாயிரம் இருந்தால் போதும்” என்றான்.

அறுபதாயிரம் என்பது மத்திய அரசு எழுத்தர் ஒருவர் வருங்கால வைப்பு நிதியைத் திறந்து பார்த்துப் பெருமூச்சு விட்டு மீண்டும் மூடிவைக்கும் தொகை. ஆயினும் அவன் சொன்ன காரணம் நம்மை மறுக்கவிடவில்லை. அண்ணியின் தாய்வீடு பலமநேர். சித்தூரைத் தாண்டி மொகிலி மலைப்பாதையில் ஏறவேண்டும். ஒவ்வொரு முறையும் பாதி ஏற்றத்தில் வண்டி கொதித்து நின்றுவிடும். தமையனார் இறங்கி முன்மூடியைத் திறந்துவைத்து, தோளில் துண்டுடன் சாலையோரம் நிற்பார். லாரிகள் ஒலிப்பானை அழுத்திக்கொண்டே கடந்து போகும். பின்னிருக்கையில் அமர்ந்து அதைப் பார்த்த சிறுவன்தான் இவன். “அந்த இடத்தில் நிற்காமல் ஒருமுறை ஏறவேண்டும், சித்தப்பா” என்றான்.

டர்போ என்பது யாது? எஞ்சினில் எரிந்து வெளியேறும் சூடான வளி வீணே போகிறது. அது போகும் வழியில் ஒரு சிறு சக்கரத்தை வைத்துச் சுழலச் செய்து, அதே தண்டின் மறுமுனையிலுள்ள இன்னொரு சக்கரத்தால் வெளிக்காற்றை அழுத்தி உருளைகளுக்குள் செலுத்துவது. சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியாளர் ஆல்பிரட் பூக்கி 1905-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். காற்று மிகுந்தால் எரிபொருளும் மிகுத்து எரிக்கலாம். எஞ்சினின் அளவு மாறாமலே வலிமை கூடும். மாருதியின் 796 கன செண்டிமீட்டர் எஞ்சினுக்கு ஏறத்தாழ 37 குதிரைத்திறன். அதே குடும்பத்தைச் சேர்ந்த மூன்று உருளை எஞ்சினை 543 கன செண்டிமீட்டர் அளவில் வைத்தே, டர்போவின் துணையால் 64 குதிரைத்திறன் தரச் செய்து, 1987-இல் ஜப்பானில் ஆல்ட்டோ ஒர்க்ஸ் என்ற பெயரில் சுசுகி விற்றது. நம் பையனின் படிப்பறைச் சுவரில் அந்தக் காரின் படம் ஒட்டியிருந்தது. ஆனால் சுசுகி ஒரு சுழலியை மட்டும் ஒட்டவைக்கவில்லை. இரட்டைக் கேம் தண்டு, பன்னிரண்டு வால்வுகள், அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் கருவி ஆகியவற்றையும் உடன் வைத்தது. நம்மிடம் இருந்ததோ ஆறு வால்வும் ஒரு கார்புரேட்டரும்.

எதையும் கோப்பாகப் பார்த்தே பழகியவர்கள் நாம். அவன் அனுப்பிய செலவுப் பட்டியலின் விளிம்பில் குறிப்பு எழுதத் தொடங்கினோம். முதற்குறிப்பு சட்டத்தைப் பற்றியது. தயாரிப்பாளர் வகுத்த மூல அமைப்பினின்று மாறுபடும்படி வண்டியை மாற்றுதல் ஆகாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வாண்டே திருத்தப்பெற்ற மோட்டார் வாகனச் சட்டமும், அனுமதியின்றி மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று விதித்தது. “சாலையில் யார் மூடியைத் திறந்து பார்க்கப் போகிறார்கள்?” என்றான் பையன். பழைய டீசல் வண்டி ஒன்றிலிருந்து கழற்றிய டர்போ ஒன்றைத் தன் சேமிப்பில் 9,000 ரூபாய்க்கு முன்னரே வாங்கியும் வைத்திருந்தான். ஆகவே ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். முதலில் எஞ்சினைப் பிரித்துப் பழுது நீக்குவது. டர்போவுக்குத் தனிக் கோப்பு.

வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு புத்தூருக்குப் போனோம். எலும்பு முறிந்தவர்கள் கட்டுப் போட்டுக்கொள்ளத் தமிழ்நாட்டிலிருந்தெல்லாம் வரும் புத்தூர்தான். பட்டறை மேஸ்திரி அறுபதைத் தாண்டியவர். தெலுங்கும் தமிழும் கலந்தே பேசுபவர். தீப்பொறிச் செருகியைக் கழற்றிவிட்டு அழுத்தத்தை அளந்தார், குறைவாக இருந்தது. அத்துளை வழியே ஒரு கரண்டி எண்ணெய் ஊற்றி மீண்டும் அளந்தார், முள் ஏறிற்று. “ரிங் போச்சு சார், வால்வு நல்லாத்தான் இருக்கு” என்றார். வால்வில் கசிவு இருந்தால் எண்ணெய் ஊற்றினாலும் அழுத்தம் ஏறாதாம். இருபது ஆண்டு அலுவலக வாழ்வில் இத்துணைச் சுருக்கமான விசாரணையை நாம் கண்டதில்லை.

உருளைகளை அரை மில்லிமீட்டர் அகலப்படுத்தி அதற்கேற்ற புதுப் பிஸ்டன்கள், ரிங், பேரிங், எண்ணெய்ப் பம்பு, டைமிங் பெல்ட்டு என்று ஒவ்வொன்றாக வாங்கினோம். டர்போவை நினைத்தே பையன் ஒவ்வொன்றையும் தேர்ந்தான். சுழலியின் தண்டு நிமிடத்துக்கு இலட்சம் சுற்றுக்கு மேல் சுழல்வது. எண்ணெய் ஒரு கணம் தவறினாலும் அழிந்துவிடும். ஆதலால் பம்பில் சிக்கனம் கூடாது என்றான். அது சரியே. உண்மையில் மலிவான டர்போ என்பது கடையில் மட்டுமே மலிவு. அதைத் தாங்கும் உடம்பைச் செய்வதில்தான் பணம் கரைகிறது.

நான்காம் நாள் அலுமினிய ஹெட்டின் அடிப்பரப்பில் மேஸ்திரி நேர்சட்டத்தை வைத்து, இடைவெளியில் மெல்லிய தகடுகளை நுழைத்துப் பார்த்தார். தகடு நுழைந்தது. ஹெட்டு வளைந்திருந்தது. “எத்தனை தடவை கொதிக்க விட்டாங்க?” என்று கேட்டார். பையன் தலைகுனிந்தான். மொகிலி ஏற்றத்தில் தமையனார் நின்ற பொழுதுகள் அத்தனையும் அந்த உலோகத்தில் பதிந்திருந்தன. 0.3 மில்லிமீட்டர் இழைத்தால்தான் மட்டமாகும்.

அன்றிரவு புட்கரணிப் படியில் அமர்ந்து, பையன் கைப்பேசி வெளிச்சத்தில் கணக்குப் போட்டான், நாம் சரிபார்த்தோம். ஹெட்டை இழைத்தால் எரியறை சுருங்கும், உருளையோ அகன்றிருக்கிறது. அழுத்த விகிதம் 8.7-இலிருந்து ஏறத்தாழ 9-க்கு ஏறும். டர்போவுக்கு வேண்டுவது இதற்கு நேர்மாறு. அது 8 அளவுக்கு இறங்க வேண்டும். வளிமண்டல அழுத்தத்தில் பத்தில் நான்கு பங்கு மட்டும் கூட்டினாலும், நம்மூர்க் கோடைக்காற்று சுழலியினுள் எண்பது பாகைக்கு மேல் சூடேறிவிடும். அச்சூட்டில் கலவை உரிய நேரத்துக்கு முன் தானே வெடித்துப் பிஸ்டனை உடைக்கும். அதைத் தவிர்க்க 1.3 மில்லிமீட்டருக்கும் மேல் கூடுதல் கனமுள்ள கேஸ்கெட் வைக்கவேண்டும்; இல்லையேல் வேறு பிஸ்டன்கள். மேலும் அவன் வாங்கியது டீசல் வண்டியின் சுழலி. பெட்ரோல் எஞ்சினின் புகையோ அதனினும் மிகுந்த வெப்பமுடையது. சட்டம் சொன்னது அவன் செவியில் ஏறவில்லை. அலுமினியம் சொன்னது ஏறிற்று. நெடுநேரம் நீரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, “இழைத்துவிடச் சொல்லுங்கள், சித்தப்பா” என்றான். அக்குரலைக் கேட்டபோது நமக்கு வெற்றியாகத் தோன்றவில்லை.

மறுநாள் ரேடியேட்டரைக் கழற்றியபோது வேறொன்று தெரிந்தது. குழாய்களில் பாதிக்கு மேல் வெண்சுண்ணம் அடைத்துக் கிடந்தது. ஆழ்துளைக் கிணற்று நீரையே தமையனார் ஆண்டுக்கணக்காக ஊற்றி வந்திருக்கிறார். மின்விசிறியை இயக்கும் வெப்ப விசையும் செத்திருந்தது. எஞ்சின் வலிமையற்றதால் வண்டி நிற்கவில்லை. குளிர முடியாமல் நின்றிருக்கிறது. அமெரிக்காவில் 1962-இல் வெளிவந்த ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் என்னும் டர்போ காரை நினைத்துக்கொண்டோம். நாக்கிங் வராதிருக்கக் காய்ச்சி வடித்த நீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தை அதற்கு உரிமையாளர்கள் தவறாமல் ஊற்றவேண்டும். பலர் மறந்தனர், தொல்லை மிகவே பல வண்டிகளில் டர்போவைக் கழற்றிச் சாதாரணக் கார்புரேட்டரை வைத்தனர். நம் தமையனார் ஊற்ற மறந்தவரல்லர். கிணற்று நீரை ஊற்றினார், அவ்வளவே. இதைப் பையனிடம் சொல்ல நினைத்தோம். அவன் முகத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டோம். புது ரேடியேட்டரும் விசையும் சேர்ந்து பம்பின் விலையளவே ஆயின. மொத்தம் 34,600 ரூபாய். கணக்கு நம் குறிப்பேட்டில் இருக்கிறது.

ஓடிப் பழகுவதற்காகச் சில நூறு கிலோமீட்டர் மெல்ல ஓட்டியபின், விடுப்பு முடிவதற்கு இரண்டு நாள் முன்னர் அண்ணியையும் ஏற்றிக்கொண்டு பலமநேருக்குப் புறப்பட்டோம். மொகிலியில் இரண்டாம் கியரில் ஏறினோம். லாரிகள் முந்தத்தான் செய்தன. வெப்பமானியின் முள் நடுவிலேயே நின்றது. அந்த வளைவு வந்ததும் பையன் வண்டியைத் தானாகவே ஓரம் கட்டினான்.

“என்னப்பா, கொதிக்கிறதா?” என்றார் அண்ணி.

“இல்லையம்மா” என்று இறங்கி, முன்மூடியைத் திறந்துவைத்துச் சற்று நேரம் நின்றான். அண்ணி காலடியிலிருந்த தண்ணீர்ப் புட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பின்னர் ஏதோ நினைத்தவராய் அதை நம்மிடம் நீட்டி, “குடியுங்கள் தம்பி, வெயிலாயிருக்கிறது” என்றார்.

அந்த 9,000 ரூபாய்ச் சுழலி இப்போது அவன் படிப்பு மேசைமேல் காகிதங்கள் பறக்காதிருக்க உதவுகிறது. தொலைபேசியில் பேசும்போது அதன் சக்கரத்தை விரலால் சுற்றிவிடுகிறான் போலும். மெல்லிய ஒலி ஒன்று நமக்கும் கேட்கிறது.