வெறும் வில்லை

மூளையில் கட்டி. ஆபரேஷன் செய்தாயிற்று, கரண்ட் வைத்தாயிற்று. ‘சரியாயிடுச்சு’ என்று வீடே மூச்சு விடும்போது மறுபடி முளைத்துவிட்டது. டாக்டர் சொல்கிறார்: “திரும்பத் திறந்து எடுக்கணும். எடுத்த இடத்துல சில வில்லைகளை வைப்போம். அதுல புது மருந்து இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எதுன்னு எனக்கே தெரியாது.”

கையெழுத்துப் போடுவீர்களா?

222 பேர் அப்படியொரு சோதனைக்கு உட்பட்டார்கள். பால்டிமோரில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸின் மூளை அறுவை நிபுணர் ஹென்றி பிரெம், 27 மருத்துவ மையங்களைச் சேர்த்துக்கொண்டு நடத்திய சோதனை அது. முடிவு 1995-ல் ‘லான்செட்’ இதழில் வந்தது.

மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்களில் இயற்கையே ஒரு வாட்ச்மேனைப் போட்டிருக்கிறது. பெரும்பாலான மருந்துகளை உள்ளே விடாது. கார்மஸ்டின் என்ற மருந்து அதையும் தாண்டிப் போகும். ஆனால் தேவையான அளவை ஊசி வழியாக ஏற்றினால் எலும்பு மஜ்ஜையும் நுரையீரலும் அடி வாங்கும். ‘ஊரெல்லாம் சுற்றுவானேன், நேரே வீட்டிலேயே இறக்கிவிட்டால் என்ன?’ என்று யோசித்தார்கள். எம்.ஐ.டி.யின் ராபர்ட் லாங்கரும் பிரெமும் சேர்ந்து இதற்காக உழைத்தார்கள். சட்டைப் பொத்தானைவிடச் சற்றே பெரிய வில்லை. அது மெல்லக் கரைந்து, மருந்தைக் கட்டி இருந்த இடத்திலேயே கசியவிடும்.

110 பேருக்கு மருந்து வில்லை. 112 பேருக்கு வெறும் வில்லை.

‘இதென்ன அநியாயம்? சாகக் கிடக்கிறவங்ககிட்ட விளையாட்டா?’ என்று உங்களுக்குக் கோபம் வரும். எனக்கும் வந்தது. அவர்கள் எல்லோருக்கும் எப்படியும் மறு ஆபரேஷன் தேவைப்பட்டது, வில்லைக்காக மண்டையைத் திறக்கவில்லை என்று படித்த பிறகுதான் கொஞ்சம் அடங்கியது.

நான் பி.காம். எனக்குத் தெரிந்த ஒரே விஞ்ஞானம் டபுள் என்ட்ரி. வரவை மட்டும் எழுதிவிட்டுப் பற்றைக் காலியாக விட்ட நோட்டை எந்த ஆடிட்டரும் தொடமாட்டார். மருந்துக் கணக்கும் அப்படித்தான்.

வெறும் வில்லைக்காரர்களில் பாதிப் பேர் 23 வாரங்களுக்குள் இறந்துபோனார்கள். மருந்து வில்லைக்காரர்களில் பாதிப் பேர் இறப்பதற்கு 31 வாரங்கள் ஆயின. எட்டு வாரம். 1996-ல் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது.

எட்டு வாரம்தானா என்று கேட்கத் தோன்றும். மகள் ப்ளஸ் டூ பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கும் வீட்டில் போய்க் கேளுங்கள், எட்டு வாரம் என்றால் என்னவென்று சொல்வார்கள்.

பற்றுப் பக்கம் இல்லாவிட்டால் என்ன ஆகும்? பெவசிசுமாப் என்று இன்னொரு மருந்து. திரும்ப வந்த கட்டி ஸ்கேனில் சுருங்கியதைப் பார்த்து 2009-ல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். ஐரோப்பாவில் முறைப்படி ஒப்பிட்ட கணக்கு 2017-ல்தான் வெளியானது. லோமஸ்டின் என்ற பழைய மருந்து மட்டும் எடுத்தவர்களுக்கு 8.6 மாதம். இரண்டும் எடுத்தவர்களுக்கு 9.1 மாதம். இருக்கிறது என்று உறுதியாகச் சொல்ல முடியாத வித்தியாசம். ஸ்கேன் சிரித்தது, காலண்டர் சிரிக்கவில்லை. வீக்கம் வடிகிறது, ஸ்டீராய்டு தேவை குறைகிறது என்பதால் அது பயன்பாட்டில் இருக்கிறது. அதுவும் நல்லதுதான். ஆனால் ஆயுளைக் கூட்டும் என்று நம்பி நிலத்தை விற்க வேண்டாமே!

நாளைக்கு நம் வீட்டில் யாரிடமாவது இப்படி ஒரு காகிதத்தை நீட்டினால் பதறாதீர்கள். மருந்து கிடைக்காத பிரிவில் விழுந்தால் வழக்கமான சிகிச்சை உண்டா, நடுவில் விலகலாமா என்று கேளுங்கள். எந்த நேரமும் விலக உங்களுக்கு உரிமை உண்டு. பதில் திருப்தியாக இருந்தால் யோசியுங்கள்.

யாருக்கோ கிடைத்த அந்த எட்டு வாரத்தை அளந்து சொன்னது மருந்து வில்லை மட்டுமல்ல. வெறும் வில்லை வைக்கப்பட்ட 112 பேரும்தான்.