வீட்டின் பின்னால் ஒரு பாதை

தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி என்பார்கள். பிழைப்பின் பொருட்டு ஊர் விட்டு ஊர் வந்த நம்மவர்க்கு இது பெரிதும் பொருந்தும். விடுமுறை கிடைத்தால் உதகைக்குப் போகிறோம், குடகுக்குப் போகிறோம், திருவிழா என்றால் சொந்த ஊருக்கு ரயிலேறுகிறோம். ஆனால் குடியிருக்கும் வீட்டுக்குக் கூப்பிடு தொலைவில் என்ன இருக்கிறது என்று பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்? பாராதவர்களில் நானும் ஒருவனாய் இருந்தேன்.

மைசூர் நகரின் ஹெப்பாளில் நாங்கள் குடியேறி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. தொழிற்பேட்டையின் மதிற்சுவர்கள், கடைத்தெரு, பேருந்து நிற்கும் இடம், ஏரிக்கரை ஆகியவையே நான் அறிந்த ஹெப்பாள். சென்ற கோடையில் ஒருநாள் என் மகன் கேட்டான்: "அப்பா, நம் வீட்டுக்குப் பின்னால் ஒரு மண்பாதை போகிறதே, அது எங்கே போகிறது?"

"எங்கேயோ போகிறது" என்றேன். எத்தனையோ ஊர்களுக்கு வழி கேட்போர்க்கு நாள்தோறும் விடை சொல்லும் ரயில்வே குமாஸ்தாவாகிய நான், என் கொல்லைப்புறப் பாதைக்கு விடை சொல்ல முடியாமல் நின்றேன். பன்னிரண்டு வயதுச் சிறுவன் முன் அது எனக்கு வெட்கமாகவே இருந்தது.

அவனுக்கு அப்போதுதான் மலைச் சைக்கிள் ஒன்றைப் பழையதாக வாங்கிக் கொடுத்திருந்தேன். அதைப் போன்ற மற்றொன்றை எனக்கும் தேடிப் பிடித்தேன். தடித்த டயர், பல கியர்கள், அதிர்ச்சியைத் தாங்கும் முன்கவை, உறுதியான பிரேக் ஆகியவை இதன் அடையாளங்கள். மலைச் சைக்கிள் என்றதும் பெரிய மலையொன்று வேண்டும் என்று எண்ணவேண்டாம். இந்த விளையாட்டுப் பிறந்த வரலாறே வேறு. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் மரின் மாவட்டத்து இளைஞர்கள் சிலர், 1970களில், ஒதுக்கிப்போட்ட பழைய தடித்த டயர் சைக்கிள்களைத் தங்கள் ஊரருகே இருந்த மலைப்பாதைகளில் ஓட்டிப் பார்த்தார்கள். 1976இல் பேர்பாக்ஸ் என்ற சிற்றூரின் பக்கத்தில் பந்தயமும் வைத்தார்கள். ஒருமுறை இறங்குவதற்குள் பிரேக் சூடேறி, சக்கரக் குடத்தில் இருந்த கிரீஸ் புகையாய்ப் போய்விடுமாம்; மீண்டும் அடைத்த பிறகே அடுத்த ஓட்டம். அந்தப் பாதைக்கு 'ரீபேக்' என்ற பெயரே அதனால் வந்தது. இருபதே ஆண்டுகளில், 1996இல், அட்லாண்டா ஒலிம்பிக்கில் இது ஒரு போட்டியாயிற்று. இத்தனைக்கும் தொடக்கம், வீட்டருகே இருந்த பாதையும் வீசியெறிந்த சைக்கிளுமே.

ஆகவே நாங்களும் ஞாயிறுதோறும் விடியற்காலையில் புறப்பட்டோம். முதல் ஞாயிறன்று அந்த மண்பாதை எங்களைக் கேழ்வரகு விதைப்பதற்காக உழுதிருந்த செம்மண் நிலங்களின் ஓரமாகக் கொண்டுபோய், ஒரு வேப்பமரத்தடியில் இரண்டாகப் பிரிந்தது. நெருஞ்சி முள் குத்திப் பஞ்சரானதால் அன்று பாதிவழி தள்ளிக்கொண்டே வந்தோம். அடுத்த வாரம் முதல் பஞ்சர் ஒட்டும் பொருள்களும் கைப்பம்பும் இன்றிப் புறப்பட்டதில்லை. சரிவில் இறங்கும்போது உடலைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளவேண்டும்; இரண்டு பிரேக்குகளையும் ஒருங்கே மெல்லப் பிடிக்கவேண்டும்; விலக்கவேண்டிய கல்லைப் பாராமல், போகவேண்டிய இடத்தைப் பார்க்கவேண்டும். கல்லையே பார்த்தால் சக்கரம் கல்லின்மேல்தான் ஏறும். இவற்றையெல்லாம் முழங்கால் காயங்கள் கற்பித்தன.

வாரந்தோறும் சிறிது சிறிதாக வடக்கே சென்றோம். ஹாசன் செல்லும் இருப்புப்பாதையில் பெளகொளா என்றொரு நிலையம் உண்டு. அந்தப் பெயரை அலுவலகத்தில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். அதைச் சுற்றி நெல்லும் கரும்புமாய் இத்தனை பசுமை இருப்பதை அப்போதுதான் கண்டேன். 1911இல் விசுவேசுவரய்யா காலத்தில் கட்டத் தொடங்கிய கிருஷ்ணராஜ சாகர அணை அங்கிருந்து வெகுதொலைவில் இல்லை. காவிரி நீர் வாய்க்கால்களில் ஓடும் ஓசையைக் கேட்டபோது, தஞ்சை மாவட்டத்தில் நான் பிறந்து வளர்ந்த ஊரிலேயே நிற்பதுபோல் இருந்தது.

ஆடி மாதக் கடைசியில் ஒரு ஞாயிறு. வாய்க்கால் கரையின் வண்டிப்பாதை நெடுந்தூரம் வளைந்து சென்றது. குறுக்கே, நாற்று நட்ட வயல்களுக்கு நடுவில் நேராக ஒரு வரப்பு. மகன் அதில் இறங்கி லாகவமாய்ப் போய்விட்டான். நானும் பின்தொடர்ந்தேன். என் பாரம் தாங்காமல் டயர் புதைந்தது, வரப்பு பிளந்தது, மேல்வயலின் நீர் கீழ்வயலுக்குள் பாயத் தொடங்கியது.

மண்வெட்டியுடன் ஒரு முதியவர் ஓடி வந்தார். உரத்த குரலில் கன்னடத்தில் ஏதேதோ கேட்டார். எனக்கு வாய் எழவில்லை. கடையிலும் அலுவலகத்திலும் பேசுமளவுக்குக் கன்னடம் தெரியும். குற்றவாளியாய் நின்று பேசுமளவுக்குத் தெரியாது. அன்றியும், காவிரியின் பெயரால் 1991இலும் 2016இலும் நடந்தவற்றை நம்மில் யாரும் மறக்கவில்லை. காவிரி நீர் பாயும் வயலில், அதன் வரப்பை உடைத்துவிட்டு, ஒரு தமிழன் என்ன சொல்வது?

மகன் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பி வந்தான். "தப்பாய்த்து, தாத்தா" என்று தொடங்கி, பள்ளியில் பழகிய கன்னடத்தில் தெளிவாகப் பேசினான். தவறு எங்களுடையது, இப்போதே சரிசெய்து கொடுக்கிறோம் என்றான். முதியவரின் முகம் சற்றே தணிந்தது. மூவருமாக வயலில் இறங்கினோம். அவர் சேற்றை வெட்டிப் போட்டார். நான் காலால் மிதித்து இறுக்கினேன். மகன் கையால் பூசினான். நீர் நின்றது.

"எந்த ஊர் நீங்கள்?" என்று அவர் என்னைக் கேட்டார். தயங்கியவாறே தஞ்சாவூர்ப் பக்கம் என்றேன்.

"தஞ்சாவூரா? அப்படியானால் வரப்பின் அருமையை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லையே" என்றார்.

அவர் ஏசியிருந்தால்கூட அவ்வளவு உறைத்திராது. என் தந்தையார் விவசாயி. வரப்பில் எருமையின் குளம்படி பட்டிருந்தாலே அன்று முழுவதும் அவருக்குச் சோறு இறங்காது. அவர் மகன் நான், பிறர் வரப்பை விளையாட்டுத் திடலாக நினைத்துவிட்டேன். வேற்றூர் நிலம் என்றதும் அதற்கும் ஒரு தந்தையார் இருப்பார் என்பது மறந்துபோயிற்று. மொழி தெரியாமையைவிட இதுவே பெரிய அந்நியம் என்று தோன்றியது.

அதன் பிறகு எங்களுக்குள் சில நியதிகளை வகுத்துக்கொண்டோம். வரப்பில் ஏறுவதில்லை. வயலோரத்தில் ஆளைக் கண்டால் இறங்கி, வணக்கம் சொல்லி, வழி கேட்டே செல்வோம். மழை பெய்த மறுநாள் மண்பாதைக்குப் போவதில்லை. ஈரத்தில் சக்கரம் கீறிய கோட்டிலேதான் அடுத்த மழைநீர் ஓடி மண்ணை அரிக்கும். சாமுண்டி மலையில் தார்ச்சாலையோடு சரி; சரிவிலுள்ள காட்டுக்குள் நுழைவதில்லை. அது காப்புக்காடு, சிறுத்தைகள் உலவும் இடம். அந்த மலை எவ்வளவு மென்மையானது என்பதை, 2021 அக்டோபர் மழையில் நந்திக்குச் செல்லும் சாலை சரிந்தபோது மைசூரே கண்டது. ஹெல்மெட்டும் குடிநீரும் இன்றி எங்கும் புறப்படுவதில்லை.

இன்னுமொன்று: இரவுகளில் மகனிடம் நான் கன்னட எழுத்துக் கற்றுக்கொள்கிறேன். ஆசிரியர் கண்டிப்பானவர், மாணவன் மந்தம். தமிழை அவன் என்னிடம் படிக்கிறான், கணக்கு நேராகிவிடுகிறது.

நெல் அறுப்புக்குச் சில நாள் முன்பு மீண்டும் அந்தப் பக்கம் சென்றோம். முதியவர் எங்களைத் தூரத்திலேயே அடையாளம் கண்டு கையசைத்தார். மகனை அழைத்துப்போய், நாங்கள் பூசிய வரப்பைக் காட்டினார். புல் முளைத்து, மற்ற இடத்திலிருந்து பிரித்தறிய முடியாதபடி அது ஒன்றாகியிருந்தது.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு மண்பாதை போகிறது. அது எங்கே போகிறது என்று இனி எவரேனும் கேட்டால் எனக்கு விடை தெரியும். கேழ்வரகு நிலங்களைக் கடந்து, வேப்பமரத்தடியில் வலப்புறம் திரும்பி, வாய்க்காலோரமாய் எங்களுக்குத் தெரிந்த ஒருவரின் வயலுக்குப் போகிறது.