84.6 எண்ட இலக்கம்

2015 ஜூலை 18. டூர் டி பிரான்ஸ் போட்டியின் 14ஆவது கட்டம். முதலிடத்தில் இருந்த கிறிஸ் ஃப்ரூம் மீது வீதியோரத்தில் நின்ற ஒருவர் ஒரு கோப்பைச் சிறுநீரை வீசி, "ஊக்கமருந்துக்காரன்" என்று கத்தினார். அன்றைய ஓட்டம் முடிந்த பிறகு ஃப்ரூமே இதைச் சொன்னார்.

எனக்குச் சைக்கிளோட்டம் எண்டா உயிர். ஜூலை வந்தால் ஹொஸ்டலில் போனைச் சாத்தி வச்சு மலைக் கட்டங்களைப் பார்ப்பன். பக்கத்துக் கட்டில்காரன் எப்பவும் ஒரே கேள்விதான் கேட்பான்: "எல்லாரும் மருந்தடிச்சுத்தானே மச்சான் ஓடுறாங்கள்?" நான் கலைப்பீடம். உடற்றொழிலியல் படிச்சவன் இல்லை. ஆனாலும் ஆய்வுகூடம் இதுக்கு என்ன சொல்லுது எண்டு தேடி வாசிச்சன்.

அந்தமுறை டூரை வென்று மூன்று கிழமையில் ஃப்ரூம் லண்டனில் ஓர் ஆய்வுகூடத்துக்குப் போனார். நிலையான சைக்கிள், முகத்தில் மூச்சை அளக்கும் கவசம். பாரத்தைப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டு போவார்கள். இனி ஏலாது என்ற இடம் வரை மிதிக்க வேண்டும். உடலால் ஆகக்கூடியது எவ்வளவு ஒட்சிசனைப் பாவிக்க முடியும் என்பதுதான் அளவு. அவருக்கு வந்தது, ஒரு கிலோ எடைக்கு நிமிடத்துக்கு 84.6 மில்லிலீற்றர். பயிற்சியில்லாத, சுகதேகியான ஓர் இளைஞனுக்கு 40, 45 அளவில்தான் வரும்.

ஆனால் என்னை நிறுத்தி யோசிக்க வச்சது வேற இலக்கங்கள். 2007இல், பெயர் தெரியாத 22 வயதுப் பெடியனாக இருந்தபோது, சுவிட்சர்லாந்தின் லொசானில் ஃப்ரூம் இதேமாதிரிச் சோதனை செய்திருந்தார். அப்போது எடை 75.6 கிலோ, நெடுநேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய வலு 420 வாட். 2015இல் எடை 69.9 கிலோ, வலு 419 வாட். எஞ்சின் அப்படியேதான் இருக்கு, சுமைதான் குறைஞ்சிருக்கு. கிலோவுக்கு 5.6 வாட்டாக இருந்தது 6.0 ஆகியிருக்கு. சமதரையில் இது பெரிசாகத் தெரியாது. மலையில் உன்ர எடையை நீதான் தூக்கிக்கொண்டு ஏறவேணும். அங்க இதுதான் வெற்றியும் தோல்வியும்.

இது நல்ல விளக்கம். ஆனா நல்ல விளக்கம் ஏற்கெனவே ஒருக்கா வந்தது. 2005இல் ஓர் அமெரிக்கப் பேராசிரியர், லான்ஸ் ஆம்ஸ்ட்ரோங்கின் 1992 முதல் 1999 வரையான சோதனைகளை வைத்து ஒரு கட்டுரை வெளியிட்டார். அவருடைய தசைகளின் செயற்றிறன் 8 சதவீதம் கூடியிருக்கு, வருடக்கணக்கான பயிற்சியால் இது நடந்திருக்கலாம் என்றது அது. 2013 ஜனவரியில் ஆம்ஸ்ட்ரோங், தான் வென்ற ஏழு டூர்களிலும் ஊக்கமருந்து பாவித்ததாக ஒத்துக்கொண்டார்.

ஆக, மூச்சை அளக்கிற கருவி உடம்பு இண்டைக்கு என்ன செய்யுது எண்டு மட்டும்தான் சொல்லும். அந்த உடம்பு எப்படி அந்த நிலைக்கு வந்தது எண்டதை அது கேட்கிறதே இல்லை. ஃப்ரூமின் இரண்டு சோதனைகளுக்கும் நடுவில் எட்டு வருடம் கிடக்கு. நம்பினவன் அதைப் பார்த்து இன்னும் நம்பினான். சந்தேகப்பட்டவன் இன்னும் சந்தேகப்பட்டான். 2017இல் அவருடைய சிறுநீரில் சல்பியூட்டமோல் என்ற ஆஸ்துமா மருந்து வரம்பை மீறி இருந்தது. 2018இல் அந்த வழக்கு தண்டனையில்லாமல் மூடப்பட்டது. அப்போதும் இதே கதைதான்.

2008இல் வந்த உயிரியல் கடவுச்சீட்டு முறை கொஞ்சம் வேறமாதிரி. வீரரின் இரத்த அளவுகளை வருடக்கணக்காக எடுத்து, அவருடைய பழைய அளவுகளோடயே ஒப்பிடும். அதையும் ஏமாற்ற வழி தேடுறவர்கள் இருப்பார்கள். ஆனால் ஒருநாள் சோதனையைவிட அது சரியான கேள்வியைக் கேட்குது.

ஆம்ஸ்ட்ரோங்கின் ஏழு பட்டங்களும் 2012இல் பறிக்கப்பட்டன. அவர் செய்த பெரிய களவு அதுவல்ல எண்டுதான் நான் நினைக்கிறன். அவருக்குப் பிறகு வருகிற ஒருத்தன், உண்மையாகவே சுத்தமாக ஓடி 84.6 எடுத்தாலும், அந்த இலக்கத்தை அவனுக்குச் சாட்சியாக வைக்க முடியாமல் பண்ணிப்போட்டார். அதைத் திருப்பிக் கொடுக்க ஒரு சங்கத்தாலும் ஏலாது.