ஆற்றோடு செல்லும் சாலை

விடுதியில் குழாயைத் திறக்கும்போதெல்லாம் எங்கள் ஊர்ச் சாலை நினைவுக்கு வரும்.

பெங்களூரிலிருந்து தருமபுரியைத் தாண்டி, தொப்பூரில் திரும்ப வேண்டும். மேச்சேரி, மேட்டூர், பிறகு காவிரிக்கரையை ஒட்டி நெரிஞ்சிப்பேட்டை, அம்மாபேட்டை, பவானி, ஈரோடு. மாநில நெடுஞ்சாலை 20 என்றிருந்த இது, இன்று தேசிய நெடுஞ்சாலை.

1925இல் தொடங்கி 1934இல் முடிந்த மேட்டூர் அணை 120 அடி நீரைத் தேக்கும். அதில் மூழ்கிய ஊர்களுள் ஒன்று என் அப்பத்தாவின் தந்தை ஊர். நீர் வற்றினால் பண்ணவாடியில் நந்தி சிலையும் தேவாலயக் கோபுரமும் தலைகாட்டும். அணையருகே பஸ் வந்ததும் அப்பத்தா கும்பிடுவார்.

“சாமியையா, அப்பத்தா?” என்று ஒருமுறை கேட்டேன்.

“எங்க ஊரைக் கும்பிடறேன் கண்ணு.”

1974 முதல் பெங்களூர் குடிப்பதும் காவிரி நீரே. சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து ஏற்றப்படுகிறது. தண்ணீர்த் தகராறு மூண்ட நாளொன்றில், “நீ எந்தப் பக்கம்?” என்றான் அறைத் தோழன். வேதியியல் மாணவன்தான், விடை தெரியவில்லை. சொட்டிக்கொண்டிருந்த குழாயை இறுக மூடினேன்.

நண்பர்களே, உரிமையைப் பேசுவோம், பேசத்தான் வேண்டும். அந்த நீருக்காக ஊரையே கொடுத்தவர்களையும் மறவாதிருப்போம்.