கண்ணாடியில் ஒரு கடுகு

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரும் நெடுஞ்சாலையில் ஜல்லி லாரிக்குப் பின்னால் போனவர்களுக்கு அந்தச் சத்தம் நன்றாகத் தெரியும். "டிக்"... அவ்வளவுதான். முன்கண்ணாடியில் கடுகளவு ஒரு புள்ளி விழுந்திருக்கும். திருவக்கரை, மயிலம் பக்கமெல்லாம் கல்குவாரிகள். தார்ப்பாய் ஒழுங்காகக் கட்டாத டிப்பர் ஒன்று முன்னால் போனால் போதும்.

என் மாமா வாடகைக் கார் ஓட்டுகிறார். முதல்முறை இப்படிப் புள்ளி விழுந்தபோது, கண்ணாடி மாற்ற வேண்டாம், ரெசின் விட்டு அடைத்துவிடலாம் என்று ஒரு கடையில் சொன்னார்கள். சொன்னது சரிதான், செய்த விதம்தான் தப்பு. அங்கிருந்த பையன், சுவரில் ஆணி அடிக்கத் துளை போடுவதுபோல் டிரில்லை வைத்து அழுத்தினான். அன்றைக்குப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. சில வாரங்களில் துளையைச் சுற்றி வெள்ளையாகப் பூ மாதிரி விரிய ஆரம்பித்தது. இரவில் எதிர்வண்டி வெளிச்சம் பட்டால் அந்த இடம் பளீரென்று கண்ணைக் கூசும். பிறகு ஒரு சித்திரை வெயிலில் வண்டியை எடுத்து ஏசி போட்டதும், விரிசல் ஓரம் வரைக்கும் ஓடிவிட்டது. புதுக் கண்ணாடிக்குப் பத்து நாள் சவாரிப் பணம் போனது.

ஏன் அப்படி ஆனது என்று புரிய, கண்ணாடியின் உள்ளே இருப்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். காரின் முன்கண்ணாடி ஒரே கண்ணாடி அல்ல. சுமார் இரண்டு மில்லிமீட்டர் தடிமனுள்ள இரண்டு கண்ணாடிகள், நடுவில் பிவிபி என்ற மெல்லிய பிளாஸ்டிக் ஏடு. (இதற்கு மூலம் பிரெஞ்சு வேதியியலாளர் எட்வார் பெனெடிக்டஸ். 1903-ல் அவர் கை தவறிக் கீழே விழுந்த குடுவை, உள்ளே படிந்திருந்த செல்லுலோஸ் நைட்ரேட் பூச்சினால் உடைந்தும் சிதறவில்லையாம். 1909-ல் காப்புரிமை வாங்கினார். உபயம் அந்தக் குடுவை!) கல் பட்டால் பெரும்பாலும் வெளிக்கண்ணாடி மட்டும்தான் உடையும். அந்த உடைப்புக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, ரெசினை அழுத்தி நிரப்பி, புற ஊதா விளக்கில் இறுக வைப்பதுதான் வேலை.

ஆறே மாதத்தில் அடுத்த கல். இந்தமுறை போனது விழுப்புரத்தில் வேறு ஒருவரிடம். நானும் கூடப் போயிருந்தேன். அவர் டிரில்லைத் தொடவே இல்லை. கண்ணாடியின் உள்பக்கம் நகத்தால் தடவிப் பார்த்தார். உள்கண்ணாடியும் உடைந்திருந்தால் கையே வைக்க மாட்டாராம். பிறகு ஊசி முனையால் புள்ளிக்குள் கிடந்த தூளை நெம்பி எடுத்தார். நான் வாயால் ஊதப் போனேன், "ஊதாத தம்பி, ஈரம் உள்ள போயிடும்" என்று தடுத்துவிட்டார்.

"துளை போட மாட்டீங்களா?" என்று மாமா கேட்டார்.

"வழி இருந்தா எதுக்குண்ணே துளை? பாதிக்கு மேல துளையில்லாமலே ரெசின் இறங்கிடும்."

வாய் மூடிக்கொண்ட உடைப்புக்குத்தான் துளை வேண்டும். அதிலும் மில்லிமீட்டருக்குக் குறைவான முனை, கண்ணாடிக்கு நேர்குத்தாக. அழுத்தக் கூடாது, தொட்டுத் தொட்டு எடுக்க வேண்டும். ஒரேயடியாக வைத்தால் சூடேறிப் புது விரிசல் கிளம்பும். எல்லாவற்றையும் விட முக்கியம் ஆழம். பிளாஸ்டிக் ஏட்டைத் தொட்டால் ரெசின் அதற்குள் ஊறி, ஏடு கண்ணாடியை விட்டுப் பிரிந்துகொள்ளும். மாமா வண்டியில் பூத்த வெள்ளைப் பூ அதுதான். அதனால் அவர் வெளிக்கண்ணாடியில் முக்கால் ஆழத்திலேயே நிறுத்திவிடுவாராம். மீதிக்கு ஊசியைத் துளையில் வைத்து லேசாகத் தட்டினால் அடியில் சின்ன வட்டமாக உடைந்து, பழைய உடைப்போடு வழி கிடைத்துவிடும்.

"முக்கால்னு எப்படித் தெரியும்?" என்றேன். கடை மூலையைக் காட்டினார். பழைய இரும்புக் கடையில் வாங்கிய உடைந்த முன்கண்ணாடி ஒன்று சாய்த்து வைத்திருந்தது. அதில் நூற்றுக்கணக்கில் துளைகள்! கண்ணாடியில் முனை கரகரவென்று அரைக்கும், வெள்ளைத் தூள் வரும். பிளாஸ்டிக்கில் பட்டால் திடீரென்று மெத்தென்று ஆகிவிடும். அந்த வித்தியாசம் கைக்குப் பழகாமல் யார் வண்டியிலும் டிரில் வைக்கக் கூடாது என்றார். கடையில் புதிதாகச் சேரும் பையன்களுக்கு முதல் மாதம் அந்தக் கண்ணாடியோடுதான் வேலையாம். எங்கள் கல்லூரி லேபில்கூட இவ்வளவு பொறுமையாக யாரும் கற்றுத் தந்ததில்லை.

வெயிலும் ஒரு பிரச்சினை. எங்கள் ஊர் வெயிலில் நின்ற வண்டியின் கண்ணாடியைத் தொட முடியாது. அந்தச் சூட்டில் துளை போட்டால் விரிசல் ஓடும். வெயிலிலேயே புற ஊதா இருப்பதால், ரெசின் உள்ளே இறங்கும் முன்பே கெட்டியாகிவிடும். எனவே வண்டியைக் கொட்டகைக்குள் தள்ளி, கண்ணாடி தானாக ஆறும்வரை காத்திருந்தார். சீக்கிரம் ஆறட்டும் என்று தண்ணீர் ஊற்றப் போன மாமாவை நல்லவேளையாகத் தடுத்தார்.

முக்கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. புள்ளி இருந்த இடத்தில் உற்றுப் பார்த்தால் மட்டும் மங்கலாக ஒரு தழும்பு. கல் பட்டவுடன் புள்ளியின் மேல் செல்லோடேப் ஒட்டிவிட்டால் தூசியும் ஈரமும் போகாது, வேலை சுலபம் என்று சொல்லி அனுப்பினார். மாமாவின் டேஷ்போர்டில் வெற்றிலைப் பொட்டலம் இருந்த இடத்தில் இப்போது ஒரு டேப் சுருள் இருக்கிறது. பொட்டலம் சட்டைப் பைக்குப் போய்விட்டது.