மரத்தின் மேல் பழி

மெல்பர்ன், நவம்பர்

அன்புள்ள அக்காவுக்கு,

சின்னவனின் மூச்சிழுப்புக்குக் காரணம் என்று, வேலூரில் வீட்டெதிர்ப் பூங்காவில் இருக்கும் கோனோகார்பஸ் மரத்தை வெட்டச் சொல்லி மனு கொடுத்ததாக எழுதியிருந்தீர்கள். கொடுத்ததில் தப்பில்லை. அதை நடுவதற்குக் குஜராத்தில் 2023-லும் தமிழ்நாட்டில் 2025-லும் தடை வந்தாயிற்று. ஆனால் மரம் போனதும் இழுப்பும் போய்விடும் என்று நம்பிவிடாதீர்கள்.

இங்கே நகர நடுவில் எங்கு திரும்பினாலும் பிளேன் மரம். இந்த மாதங்களில் அதன் காய்கள் உதிர்ந்து சுணை பறக்கும். கண் எரியும், தொண்டை கமறும். ஊரே மரத்தைத் திட்டும். தோல் சோதனை செய்தால் பலருக்கு வேறொன்று அகப்படும். (தோல் என்றதும் ஆம்பூர்த் தோல் ஆலைகளுக்குப் போய்விடாதீர்கள், முன்கையில் சொட்டு விட்டு ஊசிமுனையால் குத்தி, தடிக்கிறதா என்று பார்ப்பார்கள்.) அகப்படுவது ரைகிராஸ், மாடு மேய ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்து விதைத்த புல்.

2016 நவம்பர் 21 மாலை இந்த ஊரில் நடந்தது அந்தப் புல்லின் வேலை. கடும் வெயிலுக்குப் பின் இடியோடு காற்று திரும்பியது. முழு மகரந்தம் பெரும்பாலும் மூக்கோடு நின்றுவிடும். ஈரம் பட்டு வெடித்தால் தூளாகி நுரையீரல் வரை இறங்கும். ஆயிரக்கணக்கானோர் மூச்சுத் திணறி மருத்துவமனைகளுக்கு ஓடினார்கள்; பத்துப் பேர் பிழைக்கவில்லை. பாதிக்கப்பட்டவர்களில் இந்திய, இலங்கை வம்சாவளியினர் மக்கள்தொகைக்கு மிஞ்சிய அளவில் இருந்தார்கள். ஊரில் தும்மியே அறியாதவர்களுக்கும் இங்கு வந்து சில வருடத்தில் இந்த ஒவ்வாமை பிடித்துக்கொள்கிறது. 2017 முதல், அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை, இடிமழை ஆஸ்துமாவுக்கு அரசு முன்னறிவிப்புத் தருகிறது. காற்றில் மகரந்தம் எவ்வளவு என்று எண்ணியும் சொல்கிறார்கள்.

நம் பக்கமும் அப்படித்தான். விரிஞ்சிபுரத்தில் பாலாற்று மணலை மூடிக் கிடக்கும் சீமைக் கருவேலத்தை நினைத்துப் பாருங்கள். அதன் மகரந்தமும் ஒவ்வாமை தருவதுதான். விறகுக்கு ஆகும், கரிக்கு ஆகும் என்று அதை விட்டுவைத்திருக்கிறோம். பூங்கா மரம்தான் கண்ணில் படுகிறது. காரணம் எது என்று தெரியாமல் கோடரி எடுத்தால் அடுத்த வருடம் வேறொரு மரத்துக்கு மனு எழுத வேண்டிவரும். முதலில் சின்னவனுக்குச் சோதனை செய்யுங்கள். எந்த மாதம், எந்த வேளையில் இழுக்கிறது என்று காலண்டரில் குறித்துவையுங்கள். வீட்டுத் தூசியாகவும் இருக்கலாம்.

கார்த்திகைக் கடைஞாயிறுக்கு அவனை விரிஞ்சிபுரம் கோயிலுக்கு அழைத்துப் போனால் இன்ஹேலர் உங்கள் கைப்பையிலேயே இருக்கட்டும். அங்கே சிம்மக்குளத்துக் கூட்டத்தில் அவனைத் தேடிப் பிடிப்பதற்குள் விடிந்துவிடும்.

அன்புடன்,
தம்பி