போர் வண்டி ஏன் உதறுகிறது?

ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் வீட்டுக்கு போர் போடுவதைப் பார்த்தவர்களுக்கு அது பெரிய விஷயமாகத் தெரியாது. அடியில் கடல் மணலும் களிமண்ணும்தான். மூன்று கால் நட்டு, நாலு பேர் சேர்ந்து பைப்பைத் திருகியே இறக்கி விடுவார்கள். அங்கே இருக்கிற பயமெல்லாம் உப்புத் தண்ணீர் வந்துவிடுமோ என்பதுதான்.

பாறை என்றால் கதையே வேறு. அதற்கு திருச்செங்கோட்டு வண்டி வேண்டும். கம்ப்ரசர் காற்று ராடு வழியாக இறங்கி, அடியில் இருக்கும் ஹேமரை இயக்கும். ஹேமர் பிட்டை அடிக்க, பிட் பாறையை நொறுக்கும். கூடவே ராடு மெதுவாகச் சுற்றும். ஒவ்வொரு அடியும் புது இடத்தில் விழத்தான் இந்தச் சுற்று.

அடிக்கிற இயந்திரம் அதிரத்தானே செய்யும்? செய்யும். ஆனால் அடியின் வேகம் பாறைக்குள் போகிறவரை தொல்லையில்லை. பிட் பாறையில் சரியாக உட்காராவிட்டால் அது ராடு வழியாக மேலே திரும்பி வருகிறது. மேலிருந்து கொடுக்கும் அழுத்தம் குறைந்தாலும், பிட்டின் பட்டன்கள் தேய்ந்தாலும், பாறையில் ஒரு பக்கம் வெடிப்பு இருந்தாலும் இதுதான் நடக்கும். காற்று போதாமல் தூள் மேலே வராவிட்டால் பிட் அதையே திரும்பத் திரும்ப அரைத்துக்கொண்டு கிடக்கும். வளைந்த ராடு ஒன்று நடுவில் இருந்தாலோ, கேட்கவே வேண்டாம்!

காவிரிப் படுகை எண்ணெய்க் கிணறுகள் போல ஆயிரக்கணக்கான மீட்டர் இறங்கும் இடங்களில் இன்னொரு வம்பு. அவ்வளவு நீள ராடு, ஈரத்துணியைப் பிழிவது போல முறுக்கேறும். மேலே சுற்றிக்கொண்டே இருக்கும், அடியில் பிட் சிக்கி நிற்கும். சட்டென்று விடுபடும்போது மேலே சுற்றுவதைவிடப் பல மடங்கு வேகத்தில் பிட் சுழன்றுவிடும். ரஷ்யாவின் கோலாவில் 12,262 மீட்டர் தோண்டியபோது ராடு முழுவதையும் சுற்றவில்லை. சேற்று நீரின் ஓட்டத்தில் சுழலும் டர்பைனை அடியிலேயே வைத்து பிட்டை மட்டும் சுற்றினார்கள்.

நம்மூர் போர் வண்டியில் அனுபவப்பட்ட டிரில்லருக்கு காதும் கையும்தான் கருவி. சத்தம் மாறினால் லீவரைக் குறைப்பார். பல வருடம் அந்த இரைச்சலில் நின்றால் அதே காதுதான் முதலில் போகும். பலர் காதில் பஞ்சுகூட வைப்பதில்லை. அவர் கவனிக்காமல் விட்டால் மரையில் விரிசல் விழுந்து ராடு முறியும். ஹேமரும் பிட்டும் அடியில் தங்கிவிடும். எடுக்க முடியாவிட்டால் குழியையே கைவிட வேண்டியதுதான். அடிக்கணக்கில் பேசிய காசு யார் தலையில் என்று வீட்டுக்காரருக்கும் வண்டிக்காரருக்கும் அப்புறம் தகராறு.